விவரக்குறிப்பில் இல்லாத கை

விவரக்குறிப்பு தவறென்று அந்த நிலையத்தில் யாரும் சொல்வதில்லை. சொல்லக் கூடாதென்று எங்கும் எழுதி வைக்கப்பட்டிருக்கவும் இல்லை. மற்ற யாவும் எழுதப்பட்டிருந்தன. கதவை எந்தப் பக்கமாகத் தள்ளுவது, தும்மல் வந்தால் முகத்தை எந்தத் திசைக்குத் திருப்புவது, மேலதிகாரி சிரிக்கையில் எவ்வளவு பல் தெரியச் சிரிப்பது என்பன உட்பட. இந்த ஒன்று மட்டும் எழுதப்படாமலேயே கடைப்பிடிக்கப்பட்டு வந்தது. எழுதினால், தவறாக இருப்பதற்கு ஒரு வாய்ப்பு உண்டென்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது காரணமாக இருக்கலாம்.

நிலையத்தின் பணி எளிமையானது. உழைப்பவர்களின் தலைக்குள் இருக்கும் அறிவை வெளியே எடுத்து, விதிகளாக்கி, கணினிக்குள் வைப்பது. ‘இப்படி இருந்தால் இப்படிச் செய்’ என்பது ஒரு விதி. இத்தகைய விதிகள் போதுமான அளவு சேர்ந்துவிட்டால், கணினி தானே ஓர் இயந்திரத்தை ஓட்டிவிடும் என்பது கொள்கை. கணினி செய்ய வேண்டியவற்றைச் சொல்லும் தடித்த நூலுக்கு விவரக்குறிப்பு என்று பெயர். அந்நூல் சொல்வதைச் செய்துகாட்டும் நிரலை எழுதுபவர் நிரலாளர். நூலுக்கும் நிரலுக்கும், நூலுக்கும் உலகுக்கும் இடையே வேறுபாடு தோன்றினால் அதைக் களைபவர் இணக்க அதிகாரி. களைவதற்காக அவர் ஒரு சுத்தியல் வைத்திருந்தார்.

இது உருவகம் அன்று. இரும்புத் தலையும் மரப் பிடியும் கொண்ட சுத்தியல். பிடியில் வியர்வைக் கறை படிந்திருந்தது.

நிரலாளர் அறையில் நான்கு நாற்காலிகள் என்பது விவரக்குறிப்பு. ஒருமுறை ஐந்தாவது நாற்காலி ஒன்று எப்படியோ உள்ளே வந்துவிட்டது. அதிகாரி வந்தார், எண்ணினார், “எது தப்புன்னு சொல்லுங்க, அடிக்கிறேன்” என்றார். பணிநேரத்தில் அவர் பேசும் ஒரே வாக்கியம் அது. அறையில் இருந்தவர்கள் தத்தம் நாற்காலியை இறுகப் பற்றிக்கொண்டு, பற்றத் தாமதித்த ஒருவருடைய நாற்காலியைச் சுட்டினார்கள். அது உடைக்கப்பட்டது. உடைக்கும் முன் உட்கார்ந்திருப்பவர் எழுந்துகொள்ள வேண்டுமென்று நூலில் இல்லாததால், அவருடைய இடுப்பெலும்பும் உடன் உடைந்தது.

அந்தக் காலியிடத்துக்குத்தான் அவள் வந்தாள். புதிதாக வந்தவள் என்பதால் எல்லோரும் ‘புதுசு’ என்றார்கள். அதுவே பெயராக நிலைத்தது.

முதல் நாள் வருகைப் பதிவில் அவள் கையொப்பமிடுவதை இயக்குநர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நல்ல உயரம், குளிர்ந்த குரல், எப்போதும் ஒரு மேடையில் நிற்பது போன்ற தோரணை.

“ஏம்மா, நீங்க இடது கையா?”

“ஆமா சார். நானும் எங்க தம்பியும் அப்படித்தான். அப்பா வழில வந்தது.”

“அப்பா வழியெல்லாம் வாசலோட சரி. ‘நிரலாளர் வலது கையால் எழுதுவார்.’ நூல்ல அப்படித்தான் இருக்கு.”

“ஆனா கம்ப்யூட்டர்ல தட்டறதுக்கு ரெண்டு கையும் வேணுமே சார்?”

இயக்குநர் சற்றுச் சிந்தித்தார். அவர் நியாயமானவர். “தட்டறது வேற, எழுதறது வேற. தட்டும்போது ரெண்டு கையா இருந்துக்கோங்க. எழுதும்போது மட்டும் ஒரு கையா ஆயிடுங்க.”

“எது தப்புன்னு சொல்லுங்க, அடிக்கிறேன்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

தன் நிலையை விளக்கும் பொருட்டு அவள் இடது கையை உயர்த்தினாள். அது சுட்டுதலாகக் கொள்ளப்பட்டது. முதல் நாள் என்பதால் சுத்தியலின் தலையால் அடிக்கவில்லை. பிடியால் விரல் முட்டிகளில் அடித்தார். பிறகு மரியாதையுடன் கதவைத் திறந்துவிட்டார், எழுதப்பட்ட பக்கமாகவே.

மாலையில் வீட்டில் தம்பி அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“என்னக்கா, கம்ப்யூட்டர் வேலைன்னு சொன்னே. குத்துச்சண்டைக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கு?”

“மேசைல இடிச்சுக்கிட்டேன்.”

“மேசைக்கு ஒண்ணும் ஆகலையே?”

தம்பி, நிலையத்தின் மதிலுக்கு அப்பாலிருந்த தகர ஆலையில் டப்பா மூடிகள் அடிக்கும் அழுத்துப்பொறியில் வேலை செய்தான். பிரஸ் என்பார்கள். கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு. இரண்டுக்கும் நடுவே தகட்டை வைத்துக் கையை எடுத்துக் கால்கட்டையை மிதித்தால், மேலச்சு விழுந்து மூடி பிறக்கும். வைப்பதற்கும் மிதிப்பதற்கும் இடையில் ஒரு மூச்சுதான். அந்த மூச்சைத் தவறவிட்டவர்கள் சிலர் ஆலையில் இருந்தார்கள். அவர்களை அவர்கள் குவளையைப் பிடிக்கும் விதத்தில் அடையாளம் காணலாம். தம்பிக்குப் பத்து விரல்களும் இருந்தன. இடது கையால் தகடு வைப்பான், ஆலையிலேயே வேகமாக.

கால்கட்டையை எடுத்துவிட்டுக் கணினியே பிரஸ்ஸை இயக்க வேண்டும் என்பதுதான் நிலையம் ஏற்றிருந்த திட்டம். இதை முதலில் அறிந்தபோது இருவரும் மகிழ்ந்தார்கள். அக்கா எழுதும் நிரலில் தம்பி வேலை செய்வான். “பாத்து எழுதுக்கா. என் கை உன் கையில” என்று அவன் சொல்லிச் சிரித்தான்.

திட்டத்தின்படி முதற்கட்டம் அறிவு எடுப்பு. பிரஸ்ஸில் நெடுங்காலம் வேலை பார்த்து மேற்பார்வைக்கு உயர்ந்த மேஸ்திரி நிபுணராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சன்னலற்ற ஓர் அறையில் அவரை ஓர் இரும்பு நாற்காலியில் இருத்தினார்கள். கனத்த மேல்சட்டை அணிந்து, சட்டைப்பைக்குள் ஒரு கையை விட்டாற்போல அவர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடித் தடுப்புக்கு மறுபுறம் புதுசு விசைப்பலகையோடு இருந்தாள். நிபுணர் சொல்வது ஒன்றுவிடாமல் விதியாக்கப்பட வேண்டும் என்று அவளுக்குக் கட்டளை. ‘எடுப்பின்போது நிபுணருக்குத் தகுந்த அழுத்தம் தரப்படும்’ என்றது நூல். எத்தகைய அழுத்தம் என்று அது சொல்லாததால், செயலாக்கம் இணக்க அதிகாரியின் பொறுப்பில் விடப்பட்டிருந்தது.

“தகட்டை எந்தக் கையால வைப்பீங்க?” என்று இயக்குநர் கேட்டார்.

“வலது கையால.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமேதான்.”

“வேற என்ன செய்வீங்க?”

“வைப்பேன், எடுப்பேன். வேற என்ன, அவ்வளவுதான் சார்.”

“அவ்வளவுதான்னு நிபுணர் சொல்ற இடத்துலதான் அறிவு ஒளிஞ்சிட்டிருக்கு” என்று இயக்குநர் கண்ணாடிப் பக்கம் திரும்பிக் கூறினார். இணக்க அதிகாரி மேஸ்திரியின் முழங்காலில் சுத்தியலை இறக்கினார். அறிவு வெளிவரத் தொடங்கியது. “அம்மா!” என்றார் மேஸ்திரி. புதுசு தயங்கினாள். “போடுங்க, போடுங்க” என்று இயக்குநர் அவசரப்படுத்தினார். ‘அழுத்தம் எல்லை மீறினால், அம்மா என்று சொல்’ என்ற விதி பிறந்தது. அடுத்த அடிக்கு “தண்ணி, தண்ணி குடுங்க” என்றார். ‘அம்மா என்று சொல்லப்பட்டால், தண்ணீர் ஊற்று’ என்று ஆயிற்று. அதற்கடுத்து, கண்கள் செருக, “விடுங்க… விட்டுடுங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ‘தண்ணீர் ஊற்றிய பின், விடு.’ நாள் முழுதும் எடுத்ததில் பிரஸ்ஸைப் பற்றிய விதிகள் மிகச் சிலவே தேறின. வலியைப் பற்றியவை ஏராளம். நிலையத்தின் வரலாற்றில் இவ்வளவு வளமான எடுப்பு நிகழ்ந்ததில்லை என்று இயக்குநர் மேஸ்திரியின் முதுகைத் தட்டினார். மேஸ்திரி நாற்காலியோடு சாய்ந்தார்.

பின்னர் நிரல் எழுதும் வேலை. தொழிலாளியின் வலது மணிக்கட்டில் ஓர் உலோகப் பட்டை கட்டப்படும். பட்டை அச்சுகளுக்கு நடுவே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை இயந்திரம் உணரும். விவரக்குறிப்பின் தலையாய விதி இதுதான்: தகடு உள்ளே இருந்து, வலது கை வெளியே இருந்தால், அழுத்து.

அதை எழுதி முடித்தபோது, எந்தக் கையால் எழுத வேண்டுமென்ற கவலையின்றி இரு கைகளாலும் தட்டிக்கொண்டிருந்தவள், தன் இடது கையைப் பார்த்தாள். இடது கையால் தகடு வைப்பவனுக்கு வலது கை எப்போதும் வெளியேதான் இருக்கும். அவன் தகட்டைக் கொண்டு உள்ளே நீட்டிய கணமே மேலச்சு விழும். மூச்சுவிடும் இடைவெளிகூட இருக்காது. நூலை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாள். இடது கை என்ற சொல் அதில் எங்குமே இல்லை.

விதிகளுக்குப் பொருள் கூறி ஒப்புதல் தரும் உரைக்குழு கூடியபோது அவள் இதை எழுப்ப எண்ணியிருந்தாள். அவள் முறை வருமுன் ‘விடு’ என்ற விதியின் மேல் விவாதம் மூண்டது. விடு என்றால் எதை விடுவது? கையை, என்றார் ஒருவர். நிபுணரை, என்றார் இன்னொருவர். பேச்சை விடுவது என்றுதான் தாம் இதுகாறும் புரிந்திருப்பதாக மூன்றாமவர் தெரிவித்தார். “உன் மண்டைக்கு அது போதும்” என்று முதலாமவர் கூற, தாள்கள் பறக்காமலிருக்க வைத்திருந்த கண்ணாடிக் குண்டு ஒன்று பறந்து மூன்றாமவரின் புருவத்தைப் பிளந்தது. இரண்டாமவர், பிளந்த புருவம் யாருடையது என்று பாராமல், அருகிலிருந்தவரின் கழுத்தைப் பிடித்து மேசையில் மோதினார். உரை மரபில் இது மேற்கோள் காட்டுதல் எனப்படும். சிறிது நேரத்தில் இயக்குநரின் தேநீர்க் கோப்பைக்குள் ஒரு பல் விழுந்தது. அவர் அதைக் கரண்டியால் எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, எதை விடுவதென்று சொல்லப்படாத ‘விடு’வை நீக்கித் தீர்ப்பளித்தார். ‘அம்மா’வும் தண்ணீரும் ஒருமனதாக ஏற்கப்பட்டன.

“வேற ஏதாவது?”

புதுசு எழுந்தாள். “சார், ஒருத்தர் இடது கையை உள்ளே விட்டா?”

“எந்த இடது கை?”

“வேலை செய்றவரோட இடது கை சார்.”

இயக்குநர் கனிவோடு புன்னகைத்தார். குழுவினர் அவரவர் காயங்களைத் துடைப்பதை நிறுத்திவிட்டுச் செவிமடுத்தார்கள்.

“உக்காருங்க. இதைப் புரிஞ்சுக்கிட்டா எல்லாம் புரிஞ்சிடும். சொல்லப்படாதது, இல்லாதது. அறிவமைப்போட அஸ்திவாரமே இதுதான். தனக்குச் சொல்லாத ஒண்ணு உலகத்துல இருக்குன்னு கம்ப்யூட்டர் நினைக்க ஆரம்பிச்சா அதுக்குக் கிறுக்குப் புடிச்சிடும். நமக்கும் அப்படித்தான். இந்த நாற்காலிக்கு வந்த நாள்லேருந்து, எனக்கு யாரும் சொல்லாத எதையும் நான் தெரிஞ்சுக்கிட்டதே இல்ல. பக்கத்து அறைல ஒருத்தர் கத்தினாக்கூட, முறைப்படி என்கிட்ட வந்து கத்தறவரைக்கும் அது சத்தம்தான், செய்தி இல்ல. பாருங்க, எனக்கு ரத்தக் கொதிப்பு கிடையாது, சர்க்கரை கிடையாது. ராத்திரி படுத்தா உடனே தூக்கம். இந்த நிலையம் நாட்டுக்குக் குடுக்க வேண்டிய நிம்மதி அதுதான்.”

“ஆனா சார், கை இருக்கே?”

“விவரக்குறிப்புல இல்லையே?”

“இல்ல சார்.”

“அப்போ வராது.”

கைதட்டினார்கள். ஒரு கையில் கட்டுப் போட்டவர் மேசையைத் தட்டினார்.

அன்று மதிலோரக் குழாயடியில் மேஸ்திரி முகம் கழுவுவதைக் கண்டாள். முழங்காலில் துணி சுற்றியிருந்தது. மேல்சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார். வலது கையில் நீரை ஏந்தி முகத்தில் அடித்தார், மறுபடி ஏந்தினார். ஏந்தும் போதெல்லாம் பாதி நீர் ஒழுகிற்று, ஏனெனில் ஏந்துவதற்கு வேறு கை இல்லை. இடது கை முழங்கைக்குச் சற்றுக் கீழே முடிந்திருந்தது.

“மேஸ்திரி… அந்தக் கை?”

“இதுவா? இந்த பிரஸ்லதான் போச்சு. ரொம்ப நாளாச்சு.”

“எந்தக் கையால வைப்பீங்கன்னு கேட்டப்போ சொல்லியிருக்கலாமே!”

“என்னத்தச் சொல்றது? எந்தக் கையால வைப்பேன்னு கேட்டாங்க. இருக்கிற கையைச் சொன்னேன்.” துண்டின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு முகத்தைத் துடைத்தார். “அதுக்கு முன்னாடியே நூல் எழுதறதுக்குன்னு ஒருத்தர் வந்தாரும்மா. ஒரு நாள் பூரா என் பக்கத்துல நின்னு நான் வேலை பாக்கறதைப் பாத்து எழுதிக்கிட்டுப் போனாரு. நல்ல மனுஷன். கையைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. சங்கடப்படுவேன்னு விட்டுட்டாரு போல.”

அவள் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கை இழந்த மனிதர் வேலை செய்வதைப் பார்த்து எழுதப்பட்ட நூல் அது. இந்த பிரஸ்ஸால் ஏற்கெனவே வெட்டப்பட்ட ஒருவரை, அது இயக்கப்படும் முறைக்கு இலக்கணமாக்கியிருந்தார்கள்.

“வந்து சொல்லுங்க மேஸ்திரி. நூல் எழுதினப்போ உங்களுக்கு ஒரு கைதான்னு சொல்லுங்க, போதும்.”

“விளையாடறியா? திறப்பு விழாவுல எனக்கு மெடல் குத்தப் போறாங்க. ‘அறிவின் ஊற்று’ன்னு பேரு பொறிச்சாச்சாம். சொன்னா அந்தச் சுத்தியல்காரன் மிச்சக் கையையும் எடுத்துடுவான். ஆளை விடும்மா.” அவர் மேல்சட்டையை மாட்டி, வெற்றுச் சட்டைக்கையை மறுபடியும் பைக்குள் செருகிக்கொண்டார்.

யாரும் சொல்லப் போவதில்லை என்றால் நிரலில்தான் செய்ய வேண்டும் என்று அவள் தீர்மானித்தாள். இடது மணிக்கட்டுக்கும் ஒரு பட்டை. இடது கையும் வெளியே இருந்தால் மட்டுமே அழுத்து. ஒரே ஒரு விதி. சேர்த்துவிட்டு, இயல்பாக இருக்க முயன்றாள்.

நிரலையும் நூலையும் வரிக்கு வரி ஒப்பிடும் இணக்கச் சோதனை மறுநாளே நடந்தது. ஒரு விதி மிகுந்தது. அதிகாரி நிரலாளர் அறையின் நடுவில் வந்து நின்றார்.

“எது தப்புன்னு சொல்லுங்க, அடிக்கிறேன்.”

உடன் பணியாற்றியவர்கள் தீயவர்கள் அல்லர். நேற்றுவரை அவளுடைய உணவை எடுத்துத் தின்றவர்கள், தங்கள் உணவைத் தந்தவர்கள். அவர்கள் எல்லோரும் ஒரே திசையில் கை நீட்டினார்கள். அதிகாரி அவளுடைய இடது கையை மேசைமீது பரப்பினார். விரல்களை ஒவ்வொன்றாக, ஒன்றன்மீது ஒன்று படாதபடி கவனமாக விலக்கி வைத்தார். இம்முறை பிடியை அல்ல, தலையைப் பயன்படுத்தினார். முதல் அடியில் அவள் கத்தினாள். மூன்றாம் அடியில் மேசை விளிம்பைக் கடித்தாள். விசைப்பலகையில் சில எழுத்துகள் கழன்று தரையில் உருண்டன. பக்கத்து அறையில் இயக்குநர் இருந்தார். முறைப்படி அவரிடம் வந்து யாரும் கத்தாததால் அவர் தொடர்ந்து கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார்.

பின்னர் கேள்விப்பட்டு வந்து பாராட்டினார். “இப்போ பாருங்க, ஒரே கையாலதான் எழுதறீங்க. முழு இணக்கம். உங்களை மாதிரி ஆளுங்கதான் நிலையத்துக்கு வேணும்.”

மிகுந்த விதி நீக்கப்பட்டது.

தம்பி கட்டுப் போட்ட கையைக் கண்டதும் சிரிக்கவில்லை. அடுப்பருகில் கிடந்த இரும்புக் கரண்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவனை அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள், சட்டை கிழிந்தது.

“விடுக்கா. எவன்னு மட்டும் சொல்லு. மண்டையைப் பொளந்துட்டு வரேன்.”

“மண்டையைப் பொளந்தா மண்டை மாறுமாடா? இதைக் கேளு. திறப்பு விழாவுல நீ அந்த பிரஸ்ல உக்காரக் கூடாது.”

“நான்தான்க்கா உக்காரணும். வேகமான ஆளு வேணும்னு என் பேரைத்தான் குடுத்திருக்காங்க. உக்காரலைன்னா அதுக்கப்புறம் ஆலைப் பக்கமே தலைகாட்ட முடியாது.”

“உக்காந்தா கை இருக்காது!”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே போட்டான். “அப்போ வலது கையால வெச்சுட்டுப் போறேன். என்ன பெரிய விஷயம்?”

தரையில் தட்டைக் கவிழ்த்துப் பழகிப் பார்த்தார்கள். அவள் தலையசைக்க, அவன் வலது கையால் ஒரு டப்பா மூடியை அதன்மேல் வைக்க வேண்டும். முதலில் மெதுவாக வைத்தான். வேகம் கூடியதும் அவனறியாமல் இடது கைதான் முன்னே பாய்ந்தது. பாய்ந்த ஒவ்வொரு முறையும் அவள் அகப்பையால் அதன்மேல் அடித்தாள். அடித்து அடித்து அவன் புறங்கை சிவந்தது. அதன் பிறகும் இடது கையே வந்தது.

“போதும்க்கா. அந்த ஆளு வேலையை நீ பண்ண ஆரம்பிச்சிட்டே.” அவன் வலது கையைத் தூக்கி விளக்கில் பார்த்தான். “இது ரொம்ப நல்ல கை. ஒரு வேலையும் தெரியாது.”

திறப்பு விழா ஆலைக் கூடத்திலேயே ஏற்பாடாகியிருந்தது. பிரஸ்ஸுக்கு நீலவண்ணம் பூசித் துடைத்திருந்தார்கள். மேலே ஓர் ஒலிபெருக்கியும், தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு குழாயும் பொருத்தப்பட்டிருந்தன. பக்கத்து மேசையில், கண்ணாடிப் பெட்டிக்குள் விவரக்குறிப்பு. தலைமை விருந்தினர் பெரிய நாற்காலியில் அமர்ந்திருந்தார். மேஸ்திரி மெடலை மார்பில் அணிந்து முதல் வரிசையில் நிமிர்ந்திருந்தார். அணிவிக்கும்போது ஊசி சதையில் ஏறியதைக்கூட அவர் வெளிக்காட்டவில்லை.

தம்பியின் பெயரை அழைத்ததும் புதுசு ஓடிவந்து அவன் முன்னே நின்றுகொண்டாள். காவலர்கள் அவளைப் பிடித்தார்கள். அவள் ஒருவனின் மணிக்கட்டைக் கடித்தாள். அவன் அவளை வயிற்றில் உதைத்தான். தம்பி அவன்மேல் பாய்ந்து முகத்தில் குத்தினான். குத்தியது இடது கை. நாற்காலிகள் சரிந்தன. விருந்தினர் புருவம் சுருக்கி, “இதுல ஆபத்து ஏதாவது இருக்கா?” என்று கேட்டார்.

“இருந்தா நூல்ல இருக்குமே ஐயா” என்றார் இயக்குநர். “நானே உக்காந்து காட்றேன்.”

அவர் அமர்ந்தார். வலது மணிக்கட்டில் பட்டை கட்டப்பட்டது. வலது கையால் தகட்டை வைத்தார்; கையை எடுத்தார்; மேலச்சு விழுந்தது; பளபளவென்று ஒரு மூடி வந்தது. கூடம் ஆரவாரித்தது. இரண்டாவது தகட்டை வைத்துவிட்டு, ஆரவாரத்தை ஏற்கும் விதமாக வலது கையை உயர்த்தி அசைத்தார். தகடு சற்றுக் கோணலாக, முழுதும் உள்ளே போகாமல் இருந்தது. மேடையில் கோணல் கூடாது என்று அதை இடது கையால் சரிசெய்தார்.

தகடு உள்ளே. வலது கை வெளியே. மேலச்சு விழுந்தது.

தகரத்தின் ஓசையோடு இன்னோர் ஓசையும் கேட்டது. ஈரமான, குறுகிய ஓசை. இயக்குநர் கத்தவில்லை. அவருக்காக இயந்திரம் கத்தியது. அழுத்தம் எல்லை மீறியதால், ஒலிபெருக்கியில் ஓர் இனிய பெண்குரல் “அம்மா” என்று தெளிவாகக் கூறியது. அடுத்து குழாய் திறந்து அவர் தலைமீது தண்ணீர் ஊற்றிற்று. விடுவதற்கு விதி இல்லை. ஆகவே அழுத்தத்தின் முழு நேரமும் கழிந்த பிறகே மேலச்சு எழுந்தது. நீலவண்ணத்தில் சிவப்பு வழிந்து தரையில் நீரோடு பரவியது. மூடியும் ஒன்று வந்திருந்தது, அவ்வளவு பளபளப்பின்றி.

நனைந்த முகத்தோடு இயக்குநர் எழுந்தார். உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் வலது கையால் ஒலிவாங்கியை எடுத்தார்.

“கவனிச்சீங்களா?” என்றார். “வலது கை பத்திரமா இருக்கு. நூல் காப்பாத்தறேன்னு சொன்னதைக் காப்பாத்தியிருக்கு. ரெண்டு கையோட உக்காந்தேன். விவரக்குறிப்புல ஒரு கைதான். என்கிட்ட மிச்சமா இருந்ததை அமைப்பே கண்டுபிடிச்சுத் திருத்திடுச்சு. இனிமே இணக்கத்துக்குத் தனியா ஆளு வேண்டியதில்ல. உக்காந்து எந்திரிக்கற ஒவ்வொருத்தரும் நூல்படியே எந்திரிப்பாங்க. அந்தப் பையனைக் கூட்டிட்டு வாங்க.”

விருந்தினர் முதலில் கைதட்டினார். பிறகு கூடமே தட்டியது. மேஸ்திரியும் தட்ட முனைந்து, முடியாமல், தொடையில் தட்டினார்.

காவலர்கள் தம்பியைத் தூக்கிக்கொண்டு போய் ஈர நாற்காலியில் அழுத்தினார்கள். அவன் உதைத்தான், திட்டினான், துப்பினான். வலது மணிக்கட்டில் பட்டை ஏறியது. “இடது கையை மடக்கிக்கடா!” என்று அக்கா அலறினாள். மடக்கத்தான் முயன்றான்; ஒருவன் அதைப் பிடித்துத் தகட்டைத் திணித்துக்கொண்டிருந்தான்.

இணக்க அதிகாரி மட்டும் நகரவில்லை. அவர் தம் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றைச் சுற்றிச் சிவந்த நீர் தேங்கியிருந்தது. இயந்திரத்தைப் பார்த்தார், அது நூல்படி இயங்கியிருந்தது. இயக்குநரைப் பார்த்தார், அவரும் இப்போது நூல்படி இருந்தார். அடிப்பதற்கு ஒன்றும் அகப்படாத மனிதனின் தவிப்பு அவர் முகத்தில் முதன்முறையாகத் தெரிந்தது. சுத்தியலை உருவி, தலைக்கு மேல் உயர்த்தினார். தகட்டைத் திணித்தவனும் அப்படியே நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

“எது தப்புன்னு சொல்லுங்க” என்றார். “அடிக்கிறேன்.”

“ஒண்ணும் தப்பில்ல” என்றார் இயக்குநர்.

அதிகாரி சுத்தியலை இறக்கவில்லை. முதல் வரிசையைப் பார்த்தார். மேஸ்திரி மெடலைக் குனிந்து பார்த்தார். உரைக்குழுவினர் கூரையைப் பார்த்தார்கள். நிரலாளர்கள் பழக்கத்தால் விரலை உயர்த்திவிட்டு, எதை நோக்கி நீட்டுவதென்று தெரியாமல் காற்றில் வைத்திருந்தார்கள்.

காவலனின் பிடியிலிருந்து திமிறிக்கொண்டு புதுசு நடந்தாள். சிவந்த நீரில் அவள் செருப்பு வழுக்கியது. மேசையருகே நின்று, கட்டுப் போட்ட இடது கையைத் தூக்கிக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தாள்.

“இது தப்பு” என்றாள். “விவரக்குறிப்பு தப்பு. அடிங்க.”